நடுத்துண்டு மட்டும்

வசந்தகுமாரி எதற்குப் பயப்படமாட்டாள் என்று கேட்டால் சுலபமாகச் சொல்லிவிடலாம். கரப்பான்பூச்சிக்குப் பயப்படமாட்டாள். பாக்கி எல்லாவற்றுக்கும் பயம்தான். கேஸ் சிலிண்டருக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், தபால்காரர் கையெழுத்துக் கேட்டால் பயம். "இவளுக்குப் பயப்பட ஒண்ணும் கிடைக்கலைன்னா, ஏன் கிடைக்கலைன்னு பயப்படுவா" என்று புருஷன் சுப்பிரமணியம் கேலி செய்வார். அவர் பஸ்ஸில் அடிபட்டுவிடுவாரோ என்று இருபத்துநாலு வருஷம் பயந்தாள். மனுஷர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவள் சின்னப் பயம், பெரிய பயம் என்று பிரித்துப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

பாளையங்கோட்டைக்காரி. எழுபத்தெட்டில் டைப்ரைட்டிங் ஹையர், இங்கிலீஷில் முதல் வகுப்பு. அந்தக் காலத்து இன்ஸ்டிட்யூட்டில் வாத்தியார் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: படிக்காதே, அடி. கண் எழுத்தைப் பார்க்கட்டும், விரல் அடிக்கட்டும், நடுவில் புத்தி நுழையக் கூடாது. என்ன எழுதியிருக்கிறது என்று யோசித்தவள் வேகம் குறைந்து ஃபெயிலாவாள். வசந்தகுமாரி யோசிக்கவே இல்லை. சர்ட்டிஃபிகேட்டை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவரைக் கட்டிக்கொண்டு ஹைதராபாத் வந்து சேர்ந்தாள். அல்வாலில் இரண்டு ரூம் வீடு, ஒரே பையன் விஸ்வநாத். அவர் போனபிறகுதான் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டி வந்தது.

ஹப்சிகுடாவில் ஒரு மாடிக் கட்டடத்தில் வேலை. அமெரிக்காவிலிருந்து பேப்பர் புத்தகங்களைப் படம் எடுத்து அனுப்புவார்கள். இங்கே அதைப் பார்த்து டைப் அடித்து, கம்ப்யூட்டரில் படிக்கிற புத்தகமாக மாற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு புத்தகத்தை ஐந்து துண்டாக்கி ஐந்து பேருக்குக் கொடுப்பார்கள். அப்போதுதான் இரண்டு நாளில் முடியும். முதல் துண்டில் தலைப்பு, அட்டை, காப்பிரைட் என்று சில்லறை வேலை; அது புதுப் பெண்களுக்கு. கடைசித் துண்டில் ஆசிரியர் குறிப்பு, அடுத்த புத்தகத்தின் விளம்பரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் போட வேண்டும், அது லலிதாவுக்கு. நடுத்துண்டு வெறும் எழுத்து, பக்கம் பக்கமாக எழுத்து. அது எப்போதும் வசந்தகுமாரிக்கு. அவள் வேகத்துக்கு அந்த மாடியில் ஆள் கிடையாது.

2011 வைகாசியில் ஒரு புதுப் பதிப்பாளரின் புத்தகங்கள் வந்தன. எல்லாம் காதல் கதைகள். ஆனால் ஆணும் பெண்ணும் இல்லை. ஆணும் ஆணும்.

பெண்கள் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி எங்கள் வீட்டில் தெரிந்தால் வேலையை விடச் சொல்லிவிடுவார்கள் என்றாள். சூப்பர்வைசர் இராமச்சந்திரன் தலையைச் சொறிந்தார். "வசந்தா மேடத்துக்கிட்ட குடுங்க. அவங்க எதை அடிக்கிறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது" என்றார். அது உண்மைதான். மூன்று புத்தகத்தின் நடுத்துண்டுகளை அடித்து முடித்தபிறகும் என்ன கதை என்று அவளுக்குத் தெரியாது. யாராவது கேட்டிருந்தால், கமா நிறைய வருது என்று சொல்லியிருப்பாள்.

நாலாவது புத்தகத்தில்தான் அது நடந்தது. ஒரே துண்டை இன்னொருத்தியும் தனியாக அடிப்பாள். இரண்டையும் மிஷின் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத வரியைச் சிவப்பில் காட்டும். அப்போது நிறுத்தி, வரியைப் படித்துப் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை. அன்றைக்குச் சிவப்பில் வந்த வரி இதுதான்: மழையில் நனைந்து வந்தவனை இன்னொருவன் ஸ்டூலில் உட்கார வைத்து, திட்டிக்கொண்டே தலையைத் துவட்டிவிடுகிறான்.

வசந்தகுமாரியின் விரல் நின்றுவிட்டது. போன வாரம் அவள் வீட்டு ஹாலில் இதேதான் நடந்தது. விஸ்வநாத்தோடு வேலை பார்க்கும் சிநேகிதன் சந்தீப் தொப்பலாக நனைந்து வந்தான். விசு துண்டை எடுத்து, "அறிவிருக்காடா உனக்கு, ரெயின்கோட் எதுக்கு இருக்கு" என்று திட்டிக்கொண்டே அவன் தலையைத் துவட்டினான். அவள் பஜ்ஜித் தட்டோடு வந்தவள், நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். தட்டோடு திரும்பிப் போனதுதான் இப்போது ஞாபகம் வந்தது. ஏன் உள்ளே போகாமல் திரும்பினாய் வசந்தா? உனக்கு அப்போதே தெரிந்துவிட்டதா?

அன்றிலிருந்து அவள் படிக்க ஆரம்பித்தாள். முப்பத்துமூன்று வருஷமாகப் படிக்காத விரல் இப்போது ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழுந்தது. வேகம் குறைந்தது. இராமச்சந்திரன் வந்து, "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

கொடுமையைப் பாருங்கள். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் நடுத்துண்டு. காதல் கதையின் நடுவில் என்ன இருக்கும்? அடிதடியும் அழுகையும்தான் இருக்கும். ஒரு புத்தகத்தில் ஒருவனை மதுக்கடை வாசலில் நாலு பேர் மிதித்து, ஆஸ்பத்திரியில் டியூப் சொருகிப் போட்டிருக்கிறது. அவள் துண்டு அங்கே முடிந்துவிட்டது. இன்னொன்றில் அப்பன் துப்பாக்கியை எடுக்கிறான், துண்டு முடிந்தது. மற்றொன்றில் வேலை போய், மாத்திரையைக் கையில் கொட்டி எண்ணிக்கொண்டிருக்கிறான், முடிந்தது. எண்ணி முடித்து என்ன செய்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவளாக ஒரு முடிவு கட்டிக்கொண்டாள். அவளுக்கு முடிவு கட்டத் தெரியாதா என்ன? பயப்படுகிறவர்களுக்கு எல்லாக் கதையும் ஒரே மாதிரிதானே முடியும்.

ஆக, இந்த மாதிரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கடைசியில் இதுதான் கதி என்று அவள் மனதில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. இது குற்றமில்லை என்று டில்லிக் கோர்ட்டு சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டீவியில் அவளும் பார்த்தாள். கோர்ட்டு டில்லியில் இருக்கிறது, பக்கத்து வீடு அல்வாலில் அல்லவா இருக்கிறது! விசு பைக்கை எடுத்தால் பயம். ஃபோன் எடுக்காவிட்டால் பயம். அவன் பாத்ரூமில் ஐந்து நிமிஷம் கூட இருந்தால், "எய்யா, என்ன செய்யுத உள்ள?" என்று கதவைத் தட்டினாள். அவன் அலமாரியில் தலைவலி மாத்திரை அட்டை இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து அரிசி டப்பாவில் ஒளித்தாள். பிறகு அவனுக்கு நிஜமாகவே தலைவலி வந்தபோது, கடையில் வாங்கியதாகச் சொல்லி ஒரே ஒரு மாத்திரை கொடுத்தாள்.

ஆனியில் வந்த புத்தகத்தில்தான் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. அதில் ஒரு அம்மாக்காரி வருகிறாள். மகனுக்குத் தெரியாமல் அந்த இன்னொருவன் வேலை செய்கிற இடத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், அவன்மேல் உனக்கு உண்மையில் அன்பு இருந்தால் நீ ஊரை விட்டுப் போய்விடு, நான் வந்ததை அவனிடம் சொல்லாதே என்கிறாள். அவனும் அடுத்த பக்கத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறான். யாருக்கும் அடி இல்லை, ரத்தம் இல்லை. துண்டு அங்கே முடிந்தது.

அப்பாடா, ஒருத்தியாவது பிள்ளையைக் காப்பாற்றிவிட்டாள் என்று வசந்தகுமாரி பெருமூச்சு விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், கம்பெனியிலிருந்து நேரே மல்காஜ்கிரிக்கு, சந்தீப் வீட்டுக்குப் போனாள். சந்தீப்பின் அப்பா ரயில்வேயில் ரிடையராகி மனைவியோடு கோயமுத்தூர்ப் பக்கம் போய்விட்டார். பையன் மட்டும் அந்த ஃபிளாட்டில் இருந்தான். கதவைத் திறந்தவன் முகம் மலர்ந்தது. "ஆன்ட்டி! வாங்க வாங்க. விசு வரலியா?"

அவள் உட்காரவில்லை. அந்த அமெரிக்காக்காரி சொன்னதைப் பஸ்ஸில் வரும்போதே பத்துத் தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். "தம்பி, எனக்கு எல்லாம் தெரியும். அவன் மேல உனக்கு நெசமாவே பிரியம் இருந்தா நீ இந்த ஊர விட்டுப் போயிரணும். நான் வந்தேன்னு அவன்ட்ட சொல்லப்படாது."

சொல்லி முடித்ததும் அவளுக்கே யாரோ பேசினாற்போல் இருந்தது. சந்தீப் ஒன்றும் சண்டைக்கு வரவில்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான்.

"எங்கப்பாகிட்ட சொல்லிட்டீங்களா ஆன்ட்டி?"

"சொல்லல."

"சொல்லாதீங்க ஆன்ட்டி. ப்ளீஸ். நான் போயிடறேன். பூனேல ப்ராஜெக்ட் ஒண்ணு இருக்கு, கேட்டா குடுப்பாங்க."

"என்னிக்கு?"

"இந்த மாசமே."

வாசலுக்கு வந்தால் வலுத்த தூறல். ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. அந்தப் பிள்ளை பைக் சாவியை எடுத்துக்கொண்டு கீழே வந்து, "ஏறுங்க ஆன்ட்டி, ஸ்டாப்ல விட்டுர்றேன்" என்றான். அவள் ஏறிக்கொண்டாள். ஆமாம், ஏறிக்கொண்டாள்! எவனை ஊரை விட்டு விரட்டினாளோ, அவன் தோளையே பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனாள். வழியெல்லாம் அவன் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

மூன்று வாரத்தில் விசு வந்து ஹாலில் நின்று சொன்னான். "சந்தீப் பூனே போய்ட்டான்மா. எங்கிட்ட சொல்லவே இல்ல. நம்பரும் மாத்திட்டான். ஆஃபீஸ்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"வேலைன்னா போவத்தான செய்வாங்க" என்றாள் வசந்தகுமாரி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பயம் தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது! பையன் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்தான். கன்னம் ஒட்டிப் போயிற்று. முன்பெல்லாம் சாம்பாரில் உப்பு ஒரு கல் குறைந்தால்கூட அவளோடு மல்லுக்கு நிற்பவன், இப்போது உப்பே போடாமல் வைத்தாலும் சாப்பிட்டான். அவள் ஒரு நாள் வேண்டுமென்றே போடாமல் வைத்துப் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனான்.

கல்யாணம் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்களே, அந்த மருந்தையும் எடுத்தாள். தென்காசியில் சாம்பசிவம் என்று தூரத்துச் சொந்தம். அவர் மகள் வேதா பள்ளிக்கூடத்து டீச்சர். ஜாதகம் பொருந்தியது. விசுவிடம் சொல்லும்போது, நக்கோ, எனக்கு இப்ப வேண்டாம் என்று கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்த வேண்டும் என்று ஆசையும்பட்டாள்.

"உன் இஷ்டம்மா" என்றான் அவன்.

அவன் கத்தாததே அவளுக்குப் புதுப் பயமாயிற்று. ஆனாலும் நிறுத்தவில்லை. ஐப்பசியில் ஒரு புதன்கிழமை நிச்சய தாம்பூலம் என்று நாள் குறித்தாயிற்று. பெண் வீட்டார் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும்.

அதற்கு முந்தின சனிக்கிழமை. சாப்பாட்டு நேரம். வசந்தகுமாரியும் லலிதாவும் எப்போதும்போல ஜன்னல் ஓரத்து மேஜையில் டிபன் டப்பாவைத் திறந்தார்கள். லலிதா ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும். முப்பது வயது, எதற்கும் சிரிப்பாள். வசந்தகுமாரி சோற்றைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"லலிதா, அந்த ஆஸ்பத்திரில கெடந்தானே ஒருத்தன், டியூப் போட்டு... அவன் செத்துட்டானோ?"

"யாரு ஆன்ட்டி? சொந்தக்காரங்களா?"

"புஸ்தகத்துலட்டி. அந்தப் பசங்க புஸ்தகத்துல."

லலிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆன்ட்டி! நீங்க படிக்கிறீங்களா! ராமச்சந்திரன் சாருக்குத் தெரிஞ்சா மயக்கம் போட்டுருவாரு. அவன் கைக்கு, எதுக்கு சாவணும்? நல்லாகி பேக்கரி வெச்சுட்டான். நாய் கூட வளக்கறாங்க ரெண்டு பேரும்."

"அந்தத் துப்பாக்கி?"

"அப்பன் அழுதுட்டு உள்ள வெச்சுட்டான்."

"மாத்திர எண்ணினவன்?"

"கொட்டிட்டான் ஆன்ட்டி, சிங்க்ல. அப்புறம் கடற்கரைல கல்யாணம். எல்லாமே அப்படித்தான் முடியும். எனக்கு வர்ற கடைசி பேட்ச்ல ஒருத்தன் கூடச் செத்ததில்ல. சந்தோஷமா முடியலைன்னா யாரு காசு குடுத்து வாங்குவா?"

வசந்தகுமாரி சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஐந்து மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் உருண்டு போயிருக்க வேண்டும். ஆனால் அவள் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"ஆனி மாசம் ஒண்ணு வந்தது. ஒரு அம்மாக்காரி போய், நீ ஊர விட்டுப் போன்னு சொல்லிட்டு வருவா."

"ஹவ் ஹவ், ஞாபகம் இருக்கு. அது அவனுக்குத் தெரிஞ்சுடும்."

"எப்படித் தெரியும்? அந்தப் பையன் சொல்லமாட்டானே?"

"எப்படியாவது தெரிஞ்சுடும் ஆன்ட்டி. இல்லாட்டி கதைய எப்படி முடிக்கறது? அவன் தேடிக்கிட்டுப் போயிடுவான். ரெண்டு பேரும் வேற ஊர்ல வீடு வாங்கி, தோட்டம் போட்டு, செம ஜாலி."

"அந்த அம்மா?"

"எந்த அம்மா?"

"அவனைப் பெத்தவ. கடைசில அவ என்ன ஆவா?"

லலிதா யோசித்தாள். தயிர்சாதக் கையை அப்படியே வைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள். "அம்மா வர்ல ஆன்ட்டி. என் பேட்ச்ல அம்மாவே கிடையாது."

வசந்தகுமாரி டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்த் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அடுத்தவர் துண்டைத் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஏழு வருஷத்தில் பேனா மாறி எடுத்ததில்லை அவள். இப்போது ஆனி மாசத்துப் புத்தகத்தின் கடைசித் துண்டைத் திறந்தாள். தேடுகிற கட்டத்தில் அம்மா என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையை அடித்தாள். நாற்பது பக்கத்தில் ஒரே ஒரு இடம் காட்டிற்று. போய்ப் பார்த்தாள். கிறிஸ்துமஸ் விருந்து, மேஜை நிறையச் சாப்பாடு, ஒரு அம்மா அவன் தட்டில் இரண்டாந்தடவை பரிமாறி, இளைத்துவிட்டாயே மகனே என்கிறாள். அவனைப் பெற்றவள் இல்லை. மற்றவனைப் பெற்றவள்.

அவள் திரும்பவும் தேடினாள். இந்தத் தடவை அந்தப் பெற்றவளின் பெயரை அடித்தாள். ஒன்றுமில்லை என்று காட்டிற்று.

அய்யோ, அந்தப் பயம் இருக்கிறதே, அது அதுவரைக்கும் அவள் அறியாத பயம்! இத்தனை நாளும் பிள்ளை அழிந்துவிடுவானே என்று நடுங்கினாள். இப்போது பிள்ளை நன்றாக இருப்பான் என்று தெரிந்துவிட்டது. தோட்டம் போடுவான், சாப்பிடுவான், சிரிப்பான். அவள்தான் இருக்கமாட்டாள். செத்துப்போனாள் என்றுகூட யாரும் எழுதவில்லை. சண்டை போட்டார்கள் என்றும் இல்லை. பெயரே வரவில்லை.

"என்ன மேடம், லலிதா ஃபைல்ல என்ன பண்றீங்க?" இராமச்சந்திரன் பின்னால் நின்றார்.

"பாக்கவேண்டியது இருந்தது சார், பாத்துட்டேன்" என்றாள். "எனக்கு இன்னிக்கு அரை நாள் லீவு வேணும்." அவர் பதில் சொல்வதற்குள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே தென்காசிக்கு ஃபோன் போட்டாள். இரண்டு தடவை தப்பு நம்பர் விழுந்தது. "அண்ணாச்சி, நீங்க வரவேண்டாம். இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றாள்.

எதிர்முனையில் சாம்பசிவம் வெடித்தார். "என்னம்மா வெளையாடுதியளா? டிக்கெட் எடுத்தாச்சு, ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. எம் பிள்ளைக்கு என்ன கொறையக் கண்டிய?"

"உங்க பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. தங்கமான பிள்ள. அவளுக்கு நல்லா அமையணும், அதுக்குத்தான் சொல்லுதேன். தப்பு பூரா எம் பேர்ல. யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்லுவேன், நீங்களும் அப்படியே சொல்லுங்க."

அவர் திட்டினார். எல்லாத் திட்டையும் கேட்டுக்கொண்டாள். திட்டு முடிந்ததும் அவரே ஃபோனை வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. விசு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்கவில்லை.

"எய்யா, எந்திரி. தென்காசிக்கு வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். சந்தோஷமில்லை. கண்ணில் தெரிந்தது கிலி. "ஏன்? யாரு என்ன சொன்னா? என்னைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. எனக்கே தெரியும்லே. சந்தீப்பும் நீயும்... எனக்குத் தெரியும்." கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "அவன் தானாப் போகல. நாந்தான் மல்காஜ்கிரிக்குப் போயி, ஊர விட்டுப் போன்னு சொன்னேன்."

விசு எழுந்து நேரே பாத்ரூமுக்குள் போனான். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

வசந்தகுமாரி கதவில் கையை வைத்தபடி நின்றாள். "தாப்பாள் போடாதய்யா. என்ன வேணாலும் என்னயச் சொல்லு, அடிக்கக்கூட செய், தாப்பாள் மட்டும் போடாத." எல்லாக் கதையும் நன்றாகத்தான் முடியும் என்று லலிதா சொன்னதெல்லாம் அந்தக் கதவுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. தண்ணீர் நிற்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் முடிந்து, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கதவு திறந்தது. முகம், சட்டை எல்லாம் நனைந்து நின்றான்.

"நாலு மாசம்மா" என்றான். "நான் என்ன தப்பு பண்ணேன்னு நாலு மாசமா யோசிச்சிட்டிருக்கேன். அவனுக்கு என்னப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன். தினம் அதேதான் நினைச்சேன். நீ பக்கத்துல உக்காந்து எனக்கு சாதம் போட்டே."

"ஆமாய்யா. போட்டேன்." என்றாள் அவள். "நீ செத்துப்போயிருவியோன்னு பயந்துட்டேன்."

"இப்ப மட்டும் என்ன, உயிரோடயா இருந்தேன்?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் தூக்கிவிடவில்லை. அலமாரியிலிருந்து பையை எடுத்தான். இரண்டு சட்டையை உள்ளே போட்டான். பிறகு நின்று, ஃபோனை எடுத்து, யார் யாருக்கோ பேசினான். பூனே ஆஃபீசில் இருக்கிற யாரோ ஒருவனிடமிருந்து அந்தப் புது நம்பர் கிடைத்தது. இத்தனை நாளாக அவன் அதை யாரிடமும் கேட்கவில்லை. பிடிக்காதவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்துவிட்டான்.

நம்பரை அடித்துவிட்டுக் காதில் வைக்கப் போனவன் நிறுத்தினான். ஃபோனை அவளிடம் நீட்டினான். "நீயே சொல்லு. நீதானே போகச் சொன்னே."

அவள் வாங்கினாள். இந்தக் காட்சி அவள் அடித்த எந்தத் துண்டிலும் இல்லை. லலிதாவின் துண்டிலும் இல்லை. ஒரு அம்மா இந்த இடத்தில் என்ன பேசுவாள் என்று யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்துவிட்டால் நல்லது என்று ஒரு நொடி நினைத்தாள்; அடுத்த நொடியே அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

எடுத்துவிட்டான். விசுவின் நம்பர் அவனுக்குத் தெரியாதா! "விசு..." என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த ஒரு பெயரை அப்படி ஒருத்தர் சொல்லி அவள் கேட்டதில்லை. இருபத்தெட்டு வருஷமாக அவளும்தான் கூப்பிடுகிறாள்.

"தம்பி, நான் விசு அம்மா பேசுதேன்."

படபடவென்று வந்தது அந்தக் குரல். "ஆன்ட்டி, நான் அவனுக்கு ஃபோன் பண்ணல ஆன்ட்டி. ஒரு தடவை கூட பண்ணல. ப்ராமிஸ். மெசேஜ் கூட இல்ல. யார்கிட்ட வேணா கேளுங்க. நம்பர் எப்படிக் கிடைச்சதுன்னு எனக்குத் தெரியாது ஆன்ட்டி, நான் குடுக்கல."

வசந்தகுமாரி ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கரப்பான்பூச்சி தவிர எல்லாவற்றுக்கும் பயந்தவள் அவள். தன்னைக் கண்டும் ஒருவர் பயப்படக்கூடும் என்பது ஐம்பத்துநாலு வயசு வரைக்கும் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"நீ பண்ணலய்யா" என்றாள். "நாந்தான் பண்ணியிருக்கேன்."